தலைப்பிரசவத்துக்கு உடம்பையும் மனசையும் எப்படித் தயார் செய்தீர்கள்?

கரிசல்மகள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தலைப்பிரசவம், 31 வாரம் நடக்கிறது. இப்போது அம்பத்தூரில் இருக்கிறோம். ஒன்பதாம் மாதம் கோவில்பட்டி பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், பிரசவம் அங்கேதான்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மா தினமும் போனில் "குனிஞ்சு பெருக்கு, குத்தவெச்சுத் துணி துவை, அப்பத்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்கிறார். மாமியாரோ நான் கையைத் தூக்கிக் கொடியில் துணி போட்டாலே "பிள்ளைக்குக் கொடி சுத்திக்கும்" என்று வாளியைப் பிடுங்கிக்கொள்கிறார். டாக்டர் "நல்லா நடங்க" என்பதோடு முடித்துவிடுகிறார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. யூடியூபைத் திறந்தால் ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு எடை தூக்குகிறாள்.

உடம்பைக்கூடச் சமாளித்துவிடுவேன். மனசுதான். அலுவலகத்தில் ஒரு அக்கா அவருடைய லேபர் வார்டு கதையைச் சொன்னதில் இருந்து ராத்திரி தூக்கம் போய்விட்டது. வலி தாங்கும் சக்தி எனக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? பயமுறுத்தாமல், அதே சமயம் பூசி மெழுகாமலும் சொல்லுங்கள்.

கடைசி ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 9.8, சர்க்கரை இல்லை, பிபி சரி. குழந்தையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது.

ரெண்டுவால்

வாழ்த்துகள் தோழி. இரண்டு பையன்களைப் பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் வலி வரும்போது வரும். என் ஓரகத்தி முழு மாதமும் வீடு துடைத்தாள், ஆபரேஷன் ஆனது. நான் ஐடி வேலை, நாற்காலியை விட்டு எழுந்ததே அபூர்வம், எனக்கு இரண்டும் சுகப்பிரசவம். இதை வைத்து உட்கார்ந்தே இருங்கள் என்று சொல்லவில்லை. நடந்தால் கால் வீக்கம் குறையும், மலச்சிக்கல் குறையும், ராத்திரி தூக்கம் வரும். அதற்காக நடங்கள்.

கையைத் தூக்கினால் கொடி சுற்றும் என்பது சும்மா. குழந்தை உள்ளே புரண்டு விளையாடும்போது தானாகச் சுற்றிக்கொள்வது அது. நிறைய குழந்தைகள் கழுத்தில் கொடி சுற்றியபடியேதான் சுகப்பிரசவத்தில் பிறக்கின்றன. ஆனால் மாமியார் வாளியைப் பிடுங்கினால் கொடுத்துவிடுங்கள், எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

லேபர்வார்டு_பாட்டி

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி பிரசவ வார்டுதான்.

கண்ணு, நீ வலியைப் பற்றிக் கேட்கிறாய், எனக்கு முதலில் கண்ணில் பட்டது 9.8. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 12 உள்ளவளுக்கு அது களைப்போடு போய்விடும், 8 உள்ளவளை அதே அரை லிட்டர் படுக்கையில் தள்ளிவிடும். இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது, ஏற்றிவிடலாம்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதே. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவை வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் அதனுடன் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, காலையில் ஒன்று என்றால் ராத்திரி மற்றது. மாத்திரை போட்டதும் ஒரு கொய்யாத் துண்டோ, எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொண்டால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்கு ஒரு கிராம் போல ஏற வேண்டும். ஏறவில்லை, அல்லது மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல், அயர்ன் சுக்ரோஸ் என்று நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் எல்லாம் நல்லதுதான், ஆனால் இந்த நிலையில் அவை மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை. ஈரலும் எப்போதாவது கொஞ்சம் போதும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இப்போது வலிக்கு வருவோம். வலி இடைவிடாமல் இருக்கும் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் பாதி பயப்படுகிறார்கள். கணக்குப் பார். வலி நன்றாகப் பிடித்த பிறகு 10 நிமிடத்தில் 3 வலி, ஒவ்வொன்றும் 50 வினாடி என்று வைத்துக்கொண்டால், வலிக்கிற நேரம் இரண்டரை நிமிடம், வலிக்காத நேரம் ஏழரை நிமிடம். கடைசிக் கட்டத்தில் இடைவெளி சுருங்கும், அது கடினம்தான், மறைக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, நல்லபடியாகத் தாங்கியவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில் உடம்பைத் தளரவிடத் தெரிந்தவர்கள். கண்ணை மூடிக் குட்டித் தூக்கம்கூடப் போடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்திலும் "அடுத்தது வந்துடுமே" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கியே வைத்திருப்பார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே சக்தி முழுக்கத் தீர்ந்துவிடும்.

தாங்கும் சக்தியை முன்கூட்டி அளக்க முடியாது. இடைவெளியில் ஓய்வெடுப்பதைப் பழகிக்கொள்ளலாம்.

கரிசல்மகள்

பாட்டிம்மா, அந்த ஏழரை நிமிடக் கணக்கை இதுவரை யாருமே சொல்லவில்லை. நான் வலி ஆரம்பித்தால் பிறக்கும்வரை ஒரே மூச்சாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வெடுப்பதை எப்படிப் பழகுவது?

இயன்முறை_கோவை

நான் பிசியோதெரபிஸ்ட். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் சொல்லித் தருகிற ஒரு பயிற்சி. ஃப்ரிட்ஜில் இருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம். முதல் பதினைந்து வினாடியில் தோள் மேலேறும், பல்லைக் கடிப்பீர்கள், மூச்சை அடக்குவீர்கள். அதைக் கவனியுங்கள். மறுமுறை மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடுங்கள். விடும்போது தாடையையும் தோளையும் இறக்குங்கள். கை அதே அளவு ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் நிமிடம் கடந்துவிடும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா கிடங்கள். அடுத்த ஐஸ் கட்டியைப் பற்றி யோசிக்காமல் கிடப்பதுதான் பயிற்சியின் கஷ்டமான பாதி. வீட்டுக்காரரையும் கூட உட்கார வையுங்கள், பிரசவத்தன்று "மூச்சை விடு" என்று நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும்.

உடம்புக்கு: தினமும் அரை மணி நேர நடை, ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று தடவையாக. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகைப் பூனை போல வளைப்பதும் சமமாக்குவதும் இடுப்பு வலிக்கு நன்றாகக் கேட்கும். சம்மணம் போட்டு உட்காருங்கள். குத்தவைத்து உட்கார்ந்து பழக்கம் இருந்தால் தொடரலாம், புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பதிய, கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீரை அடக்குவது போல இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்கிறார்கள் (உண்மையில் சிறுநீர் போகும்போது செய்யக் கூடாது). அது பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியாமல் இருக்க உதவும். ஆனால் குழந்தை வெளியே வர அந்தத் தசை இறுகக் கூடாது, விரிந்து கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும் முழுசாகத் தளரவிடுவதையும் அதே அக்கறையோடு பழகுங்கள். 35 வாரத்துக்குப் பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சுத்தமான கையில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை மெதுவாக நீவி விரித்துக் கொடுக்கலாம். முதல் பிரசவக்காரர்களுக்கு இதனால் தையல் போடும் வாய்ப்புக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள், கட்டாயம் இல்லை.

நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், பிபி ஏறியவர்கள் இதில் எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். தலை மேலே இருப்பதற்கு 31 வாரத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. மாதம் முடியும்போதும் திரும்பாமலே இருப்பது நூற்றில் மூன்று நான்கு பேருக்குத்தான்.

ஈரோட்டு_அத்தை

ஐஸ் கட்டி எல்லாம் வேண்டாம் சாமி, சளி பிடித்துக்கொள்ளப் போகிறது. எங்கள் காலத்தில் ஆட்டுக்கல்லில் மாவாட்டினோம், தண்ணீர் சேந்தினோம், யாரும் மூச்சு விடச் சொல்லித் தரவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ராத்திரி ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், வழி இளகும். வலி வந்தால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலி என்றால் நின்றுவிடும், பிரசவ வலி என்றால் அதிகமாகும். என் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றது அப்படித்தான்.

லேபர்வார்டு_பாட்டி

அத்தை, சீரகக் கஷாயத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பொய் வலி என்பது தண்ணீர் குடித்து, நடையை மாற்றி, கொஞ்சம் படுத்தால் அடங்கக்கூடியதுதான், கஷாயம் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு புத்தி இருக்கிறது. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். வயிறு பிடுங்கி, பேதியாகி, நீர்ச்சத்து வற்றிப் போய் வார்டுக்கு வந்தவர்களுக்கு ட்ரிப் ஏற்றியிருக்கிறேன். அந்தப் பேதிக் களைப்போடு முக்க எங்கே தெம்பு இருக்கும்? எட்டுப் பெற்ற அம்மாக்கள் நம் நினைவில் இருக்கிறார்கள், இரண்டாவதிலேயே போனவர்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாத நேரங்கள் உண்டு, கண்ணு, இதை உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டு. பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். அந்த நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, இன்னும் அவசரம். சளி போல லேசாக ரத்தம் கலந்து வருவது வலி நெருங்குவதன் அடையாளம், ஆனால் ரத்தமாகவே போனால் உடனே 108. தலைவலி நிற்காமல் இருந்து கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அது பிபியாக இருக்கலாம், பிரசவ தேதிக்கு நாள் இருந்தாலும் போ. குழந்தை அசைவு குறைவதாகத் தோன்றினால், சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணு. 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதே.

இதெல்லாம் இல்லாமல் வெறும் வலிதான் என்றால், 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போல, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் கிளம்பலாம். உன் ஊரில் இருந்து மருத்துவமனை தூரம் என்றால் இன்னும் முன்னதாக.

நந்தவனம்

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். "தயார் ஆவது" என்றாலே சுகப்பிரசவத்துக்குத் தயார் ஆவது என்றுதான் இந்த இழை முழுவதும் போகிறது. நானும் நடந்தேன், மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்தேன். கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்து அவசர ஆபரேஷன். குழந்தை நன்றாக இருந்தது, நானும் நன்றாக இருந்தேன். ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அய்யோ, ஆபரேஷனா?" என்று கேட்டுக் கேட்டு, தோற்றுப் போனவள் போல மாதக் கணக்கில் இருந்தேன்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் ஆபரேஷன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இதில் தேவையில்லாதவையும் இருக்கும், அந்தச் சண்டை தனி. ஆனால் ஏறக்குறைய இரண்டில் ஒரு பெண்ணுக்கு நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றி நிறைமாதம் வரை யாரும் பேசாமல் இருப்பது என்ன நியாயம்?

அதனால் கரிசல்மகள், ஆபரேஷன் ஆனால் என்ன நடக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பார்கள், விழித்திருப்பீர்கள், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம். இழுப்பது தெரியும், வலி தெரியாது. எனக்கு அந்த இழுப்பைப் பற்றி யாரும் சொல்லாததால் மயக்க ஊசி வேலை செய்யவில்லை என்று அலறிவிட்டேன். ஆபரேஷன் ஆனவர்களும் சீக்கிரமே தாய்ப்பால் கொடுக்க ஆரம்பிக்கலாம், நர்ஸ் பிடித்து உதவினால் போதும்.

டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் நேராகக் கேளுங்கள்: "உடனே செய்ய வேண்டுமா, காத்திருக்க நேரம் இருக்கா? காத்திருந்தால் என்ன ஆகும்?" கொடி சுற்றியிருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால் தயங்காமல் மேலும் கேளுங்கள். இதயத் துடிப்பு இறங்குகிறது என்றால் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

எதிர்க்கட்சி

நந்தவனத்துக்கு ஒரு பூங்கொத்து. என் பங்குக்கு: நான் எபிடூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மரக்க ஊசி) போட்டுக்கொண்டேன், சுகப்பிரசவம், தூங்கி எழுந்து முக்கிப் பெற்றேன். பல் பிடுங்கும்போது மரக்க ஊசி போட்டால் யாரும் "அந்தக் காலத்தில் ஊசியா போட்டோம்" என்று கேட்பதில்லை. பிரசவத்துக்கு மட்டும் ஏன் வலியைத் தாங்கிக் காட்ட வேண்டும்?

அதனால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பார்கள். ஆய்வுகளில் அப்படித் தொடர்பு தெரியவில்லை. பிள்ளை பெற்ற பிறகு எல்லோருக்கும் முதுகு வலிக்கிறது, எபிடூரல் போட்டவர்கள் பழியை ஊசியின் மேல் போடுகிறார்கள். முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம், பிபி இறங்கலாம், சிறுநீர்க் குழாய் போட வேண்டி வரலாம். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நீங்கள் பிரசவம் பார்க்கும் இடத்தில் ராத்திரியும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். வலி வந்த பிறகு கேட்டால் பல இடங்களில் "பொறுத்துக்கோம்மா" என்பதுதான் பதில்.

இயற்கைவழி

மருத்துவமனைக்குப் போவதால்தான் இத்தனை ஆபரேஷன். வீட்டிலேயே, இருட்டறையில், நம் பாட்டிகள் பெற்றது போல...

லேபர்வார்டு_பாட்டி

தம்பி, 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தது பேப்பரில் வந்ததே. குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்க 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம், அது இல்லாமல் கர்ப்பப்பை தளர்ந்து கிடந்தால் ரத்தம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போகும். 108க்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூட நேரம் இருக்காது. ஆபரேஷன் அதிகம் என்ற உன் கோபம் எனக்கும் உண்டு. அதற்கு வழி வீட்டுக்குள் இல்லை.

நிர்வாகி

வீட்டுப் பிரசவம் பற்றிய பதிவுகள் இந்த இழையில் இனி நீக்கப்படும். தலைப்போடு தொடருங்கள்.

தஞ்சை_தகப்பன்

ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒருவராவது எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன். பிரசவ அறைக்குள் கூட ஒருவரை வைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்று ஒரு பெண் உறவினரை அனுமதிக்கிறார்கள். தனியாரில் சில இடங்களில் கணவரை விடுகிறார்கள், என்னை விட்டார்கள். கூட ஓர் ஆள் தொடர்ந்து இருந்தாலே சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, பிரசவ நேரம் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

யார் அந்த ஆள் என்பதை முன்பே யோசியுங்கள் தங்கச்சி. பாசம் அதிகம் உள்ளவர் என்பதைவிடப் பதறாதவர் என்று பாருங்கள். நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. வலி வரும்போது இடுப்பெலும்புக்கு நடுவே உள்ளங்கையால் பலமாக அழுத்தினேன், அவள் "இன்னும், இன்னும்" என்றாள், மறுநாள் என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடைவெளியில் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம், சொந்தக்காரர்களின் போனை அவளிடம் போகாமல் தடுத்தேன். "பிறந்தாச்சா, இன்னுமா ஆகல" என்று இருபது பேர் கேட்டால் யாருக்கும் வலி முன்னேறாது. உங்கள் வீட்டுக்காரர் உள்ளே வர முடியாது என்றால், வெளியில் இருந்து அவர் பார்க்க வேண்டிய வேலை அதுதான். கூடவே, உங்கள் ரத்த வகைக்கு இரண்டு பேரைச் சொல்லி வைப்பதும்.

கரிசல்மகள்

அண்ணா, அம்மா எனக்கு ஊசி போட்டாலே அழுதுவிடுவார். அவரைத் தாண்டி வேறு ஒருவரைச் சொன்னால் மனசு கஷ்டப்படுவாரோ என்று யோசிக்கிறேன். சித்தி இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியை, எதற்கும் அசரமாட்டார்.

பாட்டிம்மா, இதையும் கேட்டுவிடுகிறேன். நான் தூங்காமல் கிடப்பது உண்மையில் வலியை நினைத்து இல்லை. அந்த அலுவலக அக்காவைத் திட்டியிருக்கிறார்கள். தொடையில் அடித்திருக்கிறார்கள். "பெத்துக்கும்போது இனிச்சுதா" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே பிறப்புறுப்பின் வாயை வெட்டித் தையல் போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி நடந்தால் என்ன செய்வது?

லேபர்வார்டு_பாட்டி

நடக்கிறது கண்ணு. நடக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். வேலைப்பளு, ஆள் குறைவு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பிள்ளை வெளியே வரும் ராத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒருத்தியை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்ட வாயைப் பற்றி நான் இங்கே எழுத முடியாது.

நீ செய்யக்கூடியது இது. அம்மா வீட்டுக்குப் போனதும் வலி வருவதற்கு முன்பே ஒருநாள் அந்த மருத்துவமனைக்குப் போய் பிரசவ வார்டு சிஸ்டரைப் பார். பயமாக இருக்கிறது, முதல் பிரசவம் என்று சொல். முகம் தெரிந்த பிள்ளையை யாரும் அவ்வளவு எளிதில் திட்டமாட்டார்கள். துணைக்குச் சித்தி வருவார் என்று அப்போதே சொல்லிவிடு. சாட்சிக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாலே பேச்சின் சுருதி இறங்கிவிடும், இது அனுபவத்தில் சொல்வது.

எனிமா கொடுப்பது, மழிப்பது, எல்லோருக்கும் வெட்டித் தையல் போடுவது, குழந்தை இறங்க மேல்வயிற்றை அமுக்குவது, இந்த நான்குமே வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. வெட்டுவது சிலருக்குத் தேவைப்படும், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் நானே வெட்டச் சொல்லியிருக்கிறேன். "எதுவானாலும் சொல்லிட்டுச் செய்யுங்க சிஸ்டர், நான் ஒத்துழைக்கிறேன்" என்று முன்பே சொல்லி வை. பட்டியலைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டாதே, அது வேலைக்கு ஆகாது.

இன்னொன்று. வலி ஆரம்பித்து மருத்துவமனைக்குப் போனதும் "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்பார்கள். கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும், ஒரு விரல் ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 செ.மீ. அதைக் கேட்டு ராத்திரி முழுக்கப் பட்ட வலி வீணா என்று பிள்ளைகள் உடைந்து போவார்கள். வீண் இல்லை. 5 செ.மீ. வரை மெதுவாகத்தான் போகும், சிலருக்கு நாள் கணக்கில். அதன் பிறகு முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முழுசாகத் திறந்துவிடும். படுத்தே கிடக்காதே. அனுமதித்தால் நட, சுவரைப் பிடித்து நில், உட்கார். கத்த வேண்டும் போல இருந்தால் கீச்சென்று தொண்டையில் கத்தாமல் அடிவயிற்றில் இருந்து முனகு. வெட்கப்படாதே.

ரெண்டுவால்

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "குழந்தையை முதலில் கையில் வாங்க நீங்கள் வெளியே தெம்பாக இருக்க வேண்டும், எனக்கு ரசம் சாதம் கொண்டு வர வேண்டும், உள்ளே சித்தி நிற்கட்டும்." எந்த அம்மாவும் ரசம் சாதம் விஷயத்தில் மறுக்கமாட்டார்.

சென்னையில் பதிந்த பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் எண்) ஊருக்குப் போனாலும் அதேதான், 12 இலக்கம், போனில் படம் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டி வரும். ஊரில் கிராம சுகாதார நர்ஸிடம் வந்துவிட்டேன் என்று தகவல் கொடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குப் பதிந்திருந்தால் (மொத்தம் 18,000, அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக) தவணை நிற்காமல் இருக்க அவரிடம்தான் கேட்க வேண்டும். ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். கிளம்புவதை 36 வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், அந்த ரயில் பயணம் நீளம்.

நந்தவனம்

பிரசவத்துக்குப் பின்னும் மனசு ஒன்று இருக்கிறது. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலோருக்கு வரும், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அது வேறு. டாக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். இதை உங்களிடம் சொல்வதைவிட உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நமக்கு நாமே கூப்பிடத் தோன்றாது.

கரிசல்மகள்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். ஊருக்கு வந்துவிட்டேன், 36 வாரம் முடிந்தது. ஹீமோகுளோபின் 10.9, மாத்திரை நேரத்து டீயை விட்டதுதான் பெரிய தியாகம். தலை திரும்பிவிட்டது. பிரசவ வார்டுக்குப் போய் சிஸ்டரைப் பார்த்தேன். முதலில் முறைத்தார், அப்புறம் கட்டிலைக் காட்டினார், பாத்ரூம் எங்கே என்று காட்டினார், "தலைமுடியை ரெண்டு சடையா பின்னிட்டு வா, படுக்க வசதியா இருக்கும்" என்றார். சித்தி வருவதற்குச் சரி என்றுவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை, இப்போது என்ன ரசம் என்று கேட்கிறார்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ராத்திரி தூங்குகிறேன். ஐஸ் கட்டியை எதிரில் உட்கார்ந்த என் வீட்டுக்காரரிடமும் கொடுத்துப் பார்த்தேன், இருபது வினாடியில் கீழே போட்டார்.

ஒரு சின்னக் கேள்வி பாட்டிம்மா. வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை இருக்கிறது. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்கிறார் அம்மா. அப்படியே போகலாமா?

லேபர்வார்டு_பாட்டி

10.9 பார்த்து மனசு நிறைந்தது. மாத்திரையை நிறுத்தாதே, பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும்.

வளையலைக் குறைத்துக்கொள் கண்ணு. ட்ரிப் போடும் கையில் கண்ணாடி வளையல் இருந்தால் ஊசி குத்த இடம் கிடைக்காது, வலியில் கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டால் உடைந்து கையைக் கிழிக்கும், குழந்தையைக் கையில் வாங்கும்போதும் ஆபத்து. ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் எப்படியும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அம்மா திருப்திக்கு ஒரு கையில் இரண்டு விட்டுவிட்டு மீதியை அவர் கையாலேயே கழற்றச் சொல். பிள்ளை பிறந்ததும் அதை நர்ஸுக்குக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பக்கம் உண்டு, எனக்கும் பெட்டி நிறையச் சேர்ந்திருக்கிறது.

எதிர்க்கட்சி

நகப்பூச்சு இருந்தால் அதையும் அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சில சமயம் தப்பாகக் காட்டும். மருதாணி வைக்க வேண்டும் என்றால் ஒரு விரலை மட்டும் விட்டு வையுங்கள்.